ஜிம்மிக்குள் புகுந்த துரை

எங்கள் மலையூர் கேத்தியில் அந்த வருஷம் கேரட்டை விட அமோகமாக விளைந்தது பேய்தான். சுடலைமணிச் சாமியார் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்ததும் வந்தார், ஊரில் ஒரு நாய்கூட வெறும் நாயாக இல்லை. குரைத்தால் முனி, கடித்தால் காட்டேரி, இரண்டும் செய்யாமல் சுருண்டு கிடந்தால் சோம்பேறிப் பிசாசு. ஆளுக்கொரு நாயை இழுத்துக்கொண்டு சாமியாரின் தகரக் கொட்டகை முன் வரிசையில் நின்றார்கள். நாய் இல்லாதவர்கள் பக்கத்து ஊர் லவ்டேலிலிருந்து இரவல் வாங்கி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். முதலில் கண் எரிய எரியச் சாம்பிராணிப் புகை. அதற்குள்ளிருந்து தோளில் திருநீற்றுப் பையோடு சாமியார் வருவார். அவரைக் கண்டதும் நாய் துள்ளும், ஊளையிடும், வேட்டியைப் பிடித்துத் தொங்கும்.

"பாத்தியளா! என்னையக் கண்டதும் ஆவி பதறுது!"

பைக்குள் கைவிட்டு ஒரு பிடி திருநீறு எடுத்து அதன் வாயில் போடுவார். நாய் மென்றுகொண்டே அடங்கிவிடும். திருநீற்றை மெல்லுகிற நாயை உலகத்தில் எவராவது பார்த்ததுண்டா? நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவும் தன் ஜிம்மியைக் கொண்டுபோனார். ஜிம்மி நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு முழச் சங்கிலியில் கிடக்கும். சங்கிலி கழன்றால் போதும், நாச்சிமுத்துவின் கேரட் பாத்தியெல்லாம் துவம்சம். சாமியார் கண்ணை மூடிக் கண்டுபிடித்தார்.

"உள்ள இருக்கது வெள்ளைக்காரத் துரை. குதிரையில இருந்து விழுந்து செத்தவரு. குதிரைக்குக் கேரட் தேடுதாரு."

கூட்டம் மெய்சிலிர்த்தது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு துரை இன்னும் கப்பலேறவில்லை! நாயின் பெயரே ஜிம்மி. வேறு சாட்சி எதற்கு?

மூன்று முறை திருநீறு தின்றும் வீடு திரும்பியபின் துரை அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் தட்சணையாகப் போன கேரட் மூட்டை மட்டும் திரும்பவில்லை. கடைசியில் சாமியார் தீர்ப்புச் சொன்னார்: அமாவாசையன்று ஜிம்மியைச் சோலைக்காட்டில் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்தக் காட்டில் சிறுத்தை நடமாடுவது குழந்தைக்கும் தெரியும்.

நாச்சிமுத்துவின் மனைவி மருதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அவள் காலடியில் படுக்கிற ஒரே சீவன் அது. வேலியோரம் நின்று அழுதவளைப் பார்த்தார் ஜூடித் டீச்சர், ஓய்வு பெற்றபின் எதிர்வீட்டில் குடியிருப்பவர்.

"ஏம்மா மருதா, நாயை என்னைக்காவது நடக்கக் கூட்டிட்டுப் போயிருக்கியா?"

"நாயை எதுக்குங்க நடத்தணும்? அதுக்குத்தான் நாலு காலு இருக்குதுங்களே!"

"உன்னை ஒரு முழச் சங்கிலியில கட்டிப்போட்டா நீ என்ன பண்ணுவே?"

மருதாம்பாள் யோசித்தாள். "சங்கிலி அத்துக்கிச்சுன்னா, கேரட்டை மட்டும் மிதிக்கமாட்டனுங்க. கட்டினவரையும் மிதிப்பனுங்க."

அன்றிலிருந்து நாச்சிமுத்து காய்கறி மண்டிக்குப் போனதும் பெண்கள் இருவரும் ஜிம்மியோடு கிளம்பிவிடுவார்கள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வேலை இருந்தது, பார்க்கிற வேலை. கயிறு இழுபட்டால் நின்றுவிடுவார்கள். தளர்ந்தால் நடப்பார்கள். பாத்தி ஓரத்தில் டீச்சர் "நூல்கோல்!" என்பார். நாய் உட்கார்ந்தால் ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட்.

"ஏனுங்க டீச்சர், உக்காருன்னு சொல்லக்கூடாதுங்களா?"

"சொல்லலாம். அப்புறம் உங்க வீட்டுக்காரர் துரைக்குத் தமிழ் வந்திருச்சும்பாரு. எந்தச் சொல்லா இருந்தாலும் சரி, பழக்கம்தான் வேலை செய்யும். மந்திரமில்லை."

அடி இல்லை, அதட்டல் இல்லை. அமாவாசை நெருங்குவதற்குள் ஜிம்மி பாத்தியை மிதிக்காமல் வரப்பில் நடந்தது. குரைப்புகூடக் குறைந்துபோய் எனக்குப் பொழுதே போகவில்லை.

அமாவாசை வந்தது. துரையை வழியனுப்ப ஊரே நாச்சிமுத்து வாசலில் கூடியது. மருதாம்பாளோடு ஜிம்மி சாதுவாக நடந்து வர, கூட்டத்துக்கு ஒரே ஏமாற்றம். நல்லவேளை, புகையோடு சாமியார் வந்தார். ஜிம்மி எகிறியது.

"பாத்தியளா! துரை எறங்கலை!"

ஜூடித் டீச்சர் முன்னால் வந்தார். "சாமி, ஒரே ஒரு சந்தேகம். ஆவி உங்களுக்குப் பயப்படுதா, உங்க பைக்கா? பையைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்களேன்."

"பையை அந்நியர் தொட்டா ரத்தம் கக்கிச் சாவாக!"

"நான் தொடலை. நாச்சிமுத்து உங்க பக்தராச்சே, அவர் வாங்கட்டும்."

சாமியார் பதில் தேடுவதற்குள், "சாமி பையைச் சுமக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்களே!" என்று நாச்சிமுத்து பரவசமாக உருவித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஜிம்மி சாமியாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சல், நாச்சிமுத்து மல்லாந்து விழுந்தார். நாய் அவர் மேலேறி ஊளையிட்டது.

டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "மருதா, துரை இப்ப உன் வீட்டுக்காரர் மேல ஏறிட்டாரு. சாமி சொன்னபடி பார்த்தா, இவரைத்தான் காட்டுல கட்டிட்டு வரணும்."

"ஐயோ, சாமி! எடுங்க பையை!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"நூல்கோல்!" என்றாள் மருதாம்பாள். ஜிம்மி சட்டென்று இறங்கி உட்கார்ந்தது, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு.

டீச்சர் நாச்சிமுத்துவின் தோளிலிருந்த பையை உருவித் தரையில் கவிழ்த்தார். மேலே திருநீறு. அடியில், நல்ல நெத்திலிக் கருவாடு. குளிருக்கு மூக்கை மப்ளரில் சுற்றி மூடிக்கொண்டிருந்த பக்தகோடிகள் அப்போதுதான் அதை அவிழ்த்து முகர்ந்தார்கள். சந்தையில் கருவாட்டின் தரத்தை நாலு கடை தாண்டியே சொல்லிவிடுகிற மூக்குகள் அவை.

சாமியார் கருவாட்டைப் பையோடு அள்ளிக்கொண்டு ரயில் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். அவரை மறித்து அடிக்கக்கூட யாருக்கும் முகமில்லை. கூட்டத்தோடு வந்திருந்த நாய்கள் மட்டும் வாலாட்டியபடி பின்னாலேயே போயின. கடைசிவரை கைவிடாத பக்தர்கள்.

நாச்சிமுத்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, மனைவி கையிலிருந்த கயிற்றை வாங்கினார். "வா ஜிம்மி, அப்படியே ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார். சங்கிலி மறுநாள் பழைய இரும்புக்குப் போனது.

கதை சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டு நிலைப்படியில் நூல்கோல் தொங்கியது. மஞ்சள் குங்குமத்தோடு!

எந்த நாயும் முகர்ந்து பார்க்காமல் எதையும் விழுங்குவதில்லை. அன்பர்களே, நமக்கும் மூக்கு இருக்கிறது. அதற்கு மேலே மூளை என்று ஒன்றும் இருக்கிறது. மப்ளரைக் கொஞ்சம் அவிழ்த்துத்தான் பாருங்களேன்.