கழுத்தில்லாத பிராணி பேசிய மொழி

ஞாயிற்றுக்கிழமை காலை, வாய் கொப்பளித்த கையோடு பொம்மைக்காரர் ஒரு சபதம் செய்தார்.

"இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் தமிழ்ல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரொம்ப நல்லது. வேற எதுல பேசப் போறீங்க?"

"உப்புலு பேசுற மொழியில."

உப்புலு ஒரு பிராணி. உலகத்தில் எந்தக் காட்டிலும் கிடையாது. பொம்மைக்காரரின் மேஜை மேல் மட்டும் உண்டு. பந்து மாதிரி உடம்பு, உடம்பெல்லாம் ரோமம், இரண்டு பெரிய கண்கள். கை கிடையாது, கழுத்தும் கிடையாது. அதன் வயிற்றுக்குள் வைக்கிற கருவியில் மூன்று ஒலிகளுக்குத்தான் இடமிருந்தது. "மூணு எழுத்தை வச்சு ஒரு மொழி பண்ணிக் குடுத்துடுங்க" என்று பொம்மைக் கம்பெனி மேனேஜர், டீ வாங்கி வரச் சொல்வது போலச் சொல்லிவிட்டார்.

அன்று முதல் பொம்மைக்காரர் காதாலேயே வாழ்ந்தார். புறா ஒரே 'கும்'மை வைத்துக்கொண்டு காதலும் செய்கிறது, சண்டையும் போடுகிறது. எப்படி? சொட்டுகிற குழாய் ஏன் ஒரு நேரம் கெஞ்சுவது போலவும் ஒரு நேரம் திட்டுவது போலவும் கேட்கிறது? யோசித்து யோசித்து இரண்டு முறை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

தமிழ்தான் பெரிய தொந்தரவு. எந்த எழுத்தைத் தொட்டாலும் அது ஏற்கெனவே வேலையில் இருந்தது. 'போ' என்று பொம்மை சொன்னால் குழந்தை அழும். 'தீ' என்றால் பக்கத்து வீட்டார் வாளியோடு ஓடி வருவார்கள். 'தா தா' என்று கேட்கிற பொம்மையை எந்தத் தகப்பன் காசு கொடுத்து வாங்குவான்? கடைசியில் பி, லு, ஞொ என்ற மூன்றைப் பிடித்தார். அதிலும் 'ஞொ'வுக்கு அகரவரிசையில் இடம் உண்டே தவிர, அதற்கு யாரும் வேலை கொடுத்ததே இல்லை. பாவம் என்று எடுத்துக்கொண்டார்.

"பி-ன்னா சரி. பிலு-ன்னா பசி. லுலு-ன்னா தூக்கம். ஞொஞொ-ன்னா துக்கம். பிபி-ன்னா சந்தோஷம்."

"எங்கப்பாவுக்கு டாக்டர் அப்படிச் சொல்லலையே?"

"கிண்டல் வேண்டாம். நாளைக்கு மேனேஜர் கேக்கப் போறார். ஒரு மனுஷன் ஒரு நாள் முழுக்க இதுல வாழ முடியும்னு நான் காட்டணும்."

"நடுவுல தமிழ் வந்துடுச்சுன்னா?"

"வந்துடுச்சுன்னா பொம்மை அறையை நீயே எடுத்துக்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அறைதான் அவர் உயிர். பஞ்சு, பொத்தான், சொருகாத கண்கள், உடம்பு கிடைக்காத தலைகள் எல்லாம் அங்கேதான். மனைவிக்கும் அதன் மேல் வெகு நாளாய்க் கண். அவள் ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் கேள்வி கேட்கிறவள். சமையலறையில் உட்கார்ந்து, "எங்கள் சோப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், அந்தப் பக்கத்து ஆளுக்கு முன்னால் குக்கர் பதில் சொல்லிவிடும்.

"சைகை?" என்றாள் மனைவி.

"கிடையாது. உப்புலுவுக்குக் கையேது, கழுத்தேது?"

"சரி, ஆரம்பிங்க."

"பி" என்றார் பொம்மைக்காரர்.

முதல் ஒரு மணி நேரம் அமோகம். 'பிலு' என்றார், சாப்பாடு வந்தது. 'பிபி' என்றார், இன்னொரு கரண்டி வந்தது. மொழி வேலை செய்கிறது! அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் வந்தார். "சார், ஏணி எடுத்துக்கட்டுமா?"

போன தடவை அவரிடம் போன ஏணி திரும்பி வர ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. மறுத்துவிட வேண்டும் என்று பொம்மைக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மறுப்பதற்குச் சொல் இல்லை! நாற்பது சொற்கள் செய்தவர், 'இல்லை'யைச் செய்ய மறந்திருந்தார்.

"ஞொஞொ" என்றார் பரிதாபமாக.

"என்னம்மா சொல்றார்?"

"உங்களைப் பார்த்ததும் மனசு உருகிடுச்சாம். எடுத்துட்டுப் போங்க."

ஏணி படி இறங்கியது. மனைவி அவரையே பார்த்தாள். "ஏங்க, இந்த மொழியில 'மாட்டேன்' கிடையாதா?"

பொம்மைக்காரர் ஏணி போன வாசலை எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கும்? வீட்டுல சொல்லிப் பழகியிருந்தாத்தானே ஞாபகம் வரும்! சரி, பாத்திரம் தேய்க்கிறீங்களா?"

பேசாமல் நின்று பார்த்தார்.

"பதில் சொல்லலைன்னா சம்மதம்னு குறிச்சுக்குவேன்."

"ஞொஞொ!"

"துக்கமாத் தேய்ச்சாலும் அழுக்குப் போகும்."

தேய்த்தார். தேய்க்கும்போதும் மனம் மூன்று எழுத்தையும் உருட்டிக்கொண்டே இருந்தது. 'பி'யை நீட்டினால்? கெஞ்சல் ஆகிவிடுகிறது. 'லு'வை வெட்டினால்? விக்கல். அப்புறம் 'ஞொ'... இரட்டையாகத்தானே அதற்கு வேலை கொடுத்தோம்? ஒற்றை 'ஞொ' சும்மாதானே கிடக்கிறது?

கரண்டி கீழே விழுந்தது. கூடத்துக்கு ஓடினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இதையும் மடிக்கிறீங்களா?"

"ஞொ!"

அவள் நிமிர்ந்தாள். நிஜமாகவே ஆவல் வந்துவிட்டது. "புதுசா இருக்கே. இன்னிக்குத் திங்கள்கிழமையா?"

"ஞொ."

"நீங்க என் மாமியாரா?"

"ஞொ!"

"அட, 'இல்லை'!" கை தட்டினாள். "கெட்டிக்காரர்தாங்க நீங்க. எங்க, இன்னும் சோதிச்சுப் பாப்போம். என் தம்பிக்கு உங்க ஸ்கூட்டரைக் குடுக்கலாமா?"

"ஞொ!" கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் நின்ற சொல். வெல்லமாய் இனித்தது.

"ஜன்னலுக்குப் புதுத் திரை?"

"ஞொ!"

"அடுத்த மாசம் எங்கம்மா வந்து தங்கலாமா?"

"ஞொ! ஞொ!" நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். உப்புலுவுக்குக் குதிக்க அனுமதி உண்டு.

மனைவி தலையணை உறை ஒன்றை எடுத்து உதறினாள். அதே குரலில் கேட்டாள்:

"அந்த அறையை நான் எடுத்துக்கிட்டா உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"ஞொ!"

உறையை நான்காக மடித்து வைத்தாள். "பதிவு செஞ்சாச்சு. நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி."

பொம்மைக்காரருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. உறைத்ததும், 'ஐயோ, நான் சொன்னது அது இல்லை' என்று அலற வாயெடுத்தார். சட்டென்று பொத்திக்கொண்டார். அலறினால் அது தமிழ். தமிழ் பேசினாலும் அறை அவளுக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே சூரியன் அசைவதாகத் தெரியவில்லை. நாற்பத்தோரு சொற்களையும் ஒன்று விடாமல் புரட்டிப் பார்த்தார்; சொன்னதை வாபஸ் வாங்க ஒரு சொல்லும் இல்லை.

"மேஜையை இப்பவே நகர்த்திடலாமாங்க?"

பல வருஷத்துப் பழக்கம், தானாக வந்தது.

"பி."