கட்டத்துக்குள் முதலாளி

"'வாடிக்கையாளரின் காரைப் பார்த்து விலை சொல்.' இன்னாபா இது? யாரு இதை எழுதச் சொன்னது?" பட்டுக்கடை முதலாளி கோதண்டபாணி காகிதத்தை அச்சுத்தின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"யாரும் எழுதலை சார். அதுவா எழுதிக்கிச்சு."

உண்மைதான். படிப்பை முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த அச்சுத்துக்கு இதுதான் முதல் வேலை. இந்தப் பட்டுக்கடையைச் சென்னையிலுள்ள பெரிய கடையோடு இணையத்தில் இணைக்க வேண்டும். 2004-இல் காஞ்சிபுரத்திலேயே கம்ப்யூட்டர் வேலை என்றால் சும்மாவா? அவன் அம்மா சந்நிதித் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

கடையில் நடப்பதைக் கட்டம் கட்டமாகப் படம் போட்டால் போதும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான படம். அதைப் பார்த்து, 'எங்களிடம் இன்னின்ன சேவை உண்டு, இன்னின்ன விவரம் தந்தால் கிடைக்கும்' என்ற குறிப்பை மென்பொருளே எழுதிவிடும். முதலாளியின் பக்கத்திலேயே நின்று பார்த்து, அச்சுத் ஒன்று விடாமல் வரைந்திருந்தான். வினையே அதுதான்.

"சென்னைக்காரரு இப்போ வந்துடுவாரு. இதைப் படிச்சாருன்னா ஏவாரமும் போச்சு, உன் வேலையும் போச்சு. அழிச்சுடு."

அச்சுத் காரின் கட்டத்தை அழித்தான். புதிய குறிப்பு வந்தது: 'விலை: தெரியாது.'

"தெரியாதா? எனக்கா?"

"காரைப் பார்த்தாத்தானே சார் உங்களுக்குத் தெரியுது."

அழித்த கட்டத்தைத் திரும்பப் போட்டு, 'உபசாரம்' என்று நாகரிகமாகப் பெயர் வைத்தான். மென்பொருள் எழுதியது: 'உபசாரம் பெற, காரின் வகையைத் தெரிவிப்பது கட்டாயம்.'

"என்னை மறைச்சுடுபா. யாரு விலை சொல்றாங்கன்னே தெரியக்கூடாது."

முதலாளியின் கட்டத்தை மறைத்தான். 'முதலாளி: தேவையில்லை' என்று வந்தது.

கோதண்டபாணிக்கு முகம் சுண்டிப்போனது. "பழையபடியே போட்டுடு. இருக்கிற மரியாதையாவது மிஞ்சட்டும்."

எல்லாம் பழையபடி ஆன நிமிஷத்தில், சென்னைக் கடையின் கம்ப்யூட்டர் அதிகாரி பிரேம்நாத் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். காரைப் பற்றிய மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது. அச்சுத் காகிதத்தை வாங்கக் கை நீட்டினான். அம்மாவிடம் என்ன சொல்வது?

"அதை மாத்திடறேன் சார்," என்றான் ஈனசுரத்தில்.

"எதுக்குப்பா மாத்தணும்? எங்க கடைப் படத்துலயும் இதே கட்டம் இருக்குது. அதனாலதான் காரை பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டு நடந்து வந்தேன்."