முடியளவு குழாயில் ஒரு குமிழி

"இன்னாம்மா இது, ஒரு டீ கூடவா குடிக்கக் கூடாது?"

"மூச்! படம் எடுக்கற வரைக்கும் பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் கிடையாது" என்றாள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறை ரீட்டா, நீலக் கவுனில் உட்கார்ந்திருந்தவரிடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் ஒரு குமிழி தெரிந்தது. ஈயப்பெட்டிக்குள் இருந்த தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லில், முடியளவு குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு ஆளுக்கு அளவாகக் கதிர் மருந்து செய்து தருகிற சில்லு அது. அந்த மருந்தை ஊசியில் ஏற்றினால், கட்டி உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் படத்தில் மினுங்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் வீரியம் பாதியாகக் கரைந்துவிடும். கையில் இருப்பதோ ஒரே சில்லு. இன்று படம் இல்லையென்றால் நோயாளி வீராசாமிக்கு நாளைக்கு ஆபரேஷன் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை மேல் ஒரு மேகம் நகர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ரீட்டா காலையிலிருந்து மேகத்தையும் குமிழியையும் மாறி மாறிப் பார்த்து, தானும் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள். நோயாளியும் மோட்டார் ரிப்பேர்காரரும் ஒன்றாகப் படியேறி வந்தபோதும் அந்த மிதப்புதான். இளைத்திருந்தவர் கையில் நீலக் கவுனைக் கொடுத்து உட்காரவைத்தாள். தெம்பாக நின்றவருக்கு, தண்ணீர் ஏற்றாமல் நின்றுபோன மோட்டார் இருக்கும் ரூமைக் கை காட்டினாள்.

அழுத்தத்தைக் கூட்டினாள். குமிழி இரண்டானது. சூடேற்றினாள். ஏழானது. பின்னுக்கு இழுத்தாள். ஏழும் கைகோத்துக்கொண்டு, அகழிபோல வளைந்த குழாய் முழுக்கப் படுத்துக்கொண்டன.

"மாதாவே!"

கவுனை இடுப்பில் பிடித்தபடி அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"காத்து புடிச்சிக்கினு இருக்குது."

"தெரியுது ஐயா. நீங்க அசையக் கூடாது, உக்காருங்க."

"அசையாம எப்டிம்மா வேலை பாக்கறது?"

"சும்மா இருக்கறதுதான் இங்க உங்களுக்கு வேலை."

"நல்ல எடமா இருக்குது! ஆனா பட்டினி போட்டு, பாவாடை கட்டிவுட்டு... எந்த எடத்துலயும் இவ்ளோ ரூல் பாத்ததில்லம்மா."

"கதிர் இருக்கற எடம். அப்படித்தான்."

அவர் திரையையே பார்த்தார். "சொட்டுநீர் பைப்புலயும் இப்டித்தான் மக்கர் பண்ணும். முன்னாடி தள்ளாத. கட்டக்கடைசி மூடிய அவுத்து வுட்டுட்டு, மெதுவா தண்ணி வுடு. காத்து தானா போயிடும்."

வேறு வழியில்லை. ரீட்டா கடைசி வால்வைத் திறந்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக, விடைபெற்றுக்கொள்வதுபோல நழுவி வெளியேறின. பின்னாலேயே மருந்து துளித்துளியாக வந்தது. ஜன்னலில் பார்த்தாள். மேகமும் கிளம்பியிருந்தது.

"கடலைக் காடு வெச்சிருக்கீங்களா ஐயா?"

"சொந்தமா ஏது? கூப்ட்டா எல்லார் காட்டுக்கும் போவேன்."

நாற்பது நிமிடம் போயிருந்தது. போதும், இன்னும் வீரியம் இருந்தது. ஈய உறை போட்ட ஊசியோடு எதிரே வந்து நின்றாள்.

அவர் ஊசியைப் பார்த்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இதுவும் ரூலாம்மா?"

"ஊசிக்கு முன்னாடி பேர் கேக்கறதும் ரூல்தான். பேர் சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கூட்டிப் பெருக்கும் மாரியம்மாள் ஈரத் துடைப்பத்தோடு நின்றாள்.

"ரீட்டாம்மா, மோட்டார் ஓடுது! ரிப்பேர் பண்ண வீராசாமி, தன்னோட டெஸ்ட்டு முடிஞ்சிடுச்சா, இப்பவாவது ரெண்டு இட்லி சாப்டலாமான்னு கேக்குறாரு."