ஆன்ட்ரூஸ் ஜவுளி மாளிகை என்னும் தாய்வீடு

உலகில் பெரும் பண்பாடுகள் மூன்று: எகிப்து, பாபிலோன், புதுக்கடைச் சந்திப்பில் இருக்கும் ஆன்ட்ரூஸ் ஜவுளி மாளிகை. முதல் இரண்டையும் காண மண்ணைத் தோண்ட வேண்டும். மூன்றாவதைக் காண காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் போதும்.

அது பிறந்த வரலாறு சுருக்கமானது. ஒரே மாதத்தில் நான்கு விற்பனைப் பெண்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். கலங்கிப்போன முதலாளி ஆன்ட்ரூஸ், பெங்களூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து தன் கடைக்கே மேலாளராகியிருந்த அக்காள் மகன் சஜினைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

“பணியிடப் பண்பாடு சரியில்ல மாமா. அது மேலேருந்து வரப்பிடாது. ஊழியர்களுக்க உள்ளேருந்து வரணும்.”

“அப்பம் நாம என்ன செய்யணும்?”

“நாம ஒண்ணுமே செய்யாண்டாம்.”

“கொள்ளாமே” என்றார் ஆன்ட்ரூஸ். இவ்வளவு ஆழமான யோசனையை அவர் அதுவரை கேட்டதில்லை.

மறுநாளே ‘பண்பாட்டு மேம்பாட்டுக் குழு’ உதயமாயிற்று. சேலைப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் சண்முகவடிவு, ‘பண்பாட்டுத் தூதர்’ ஆனாள். குத்திக்கொள்ள நீல நிறத்தில் ஒரு வில்லை கொடுத்தார்கள். கட்டியிருந்தது கடைச் சேலை என்பதால், குத்திய இடத்தில் உடனே நூல் விட்டது. வாசலில் ஆளுயரப் பலகை ஏறியது: ‘இது கடையல்ல, எங்கள் ஊழியரின் தாய்வீடு.’

“சம்பளம் வாங்குத இடம்னு இதை நினைக்காதீங்க” என்று ஆன்ட்ரூஸ் பேசினார். “ஒரு நல்லது கெட்டதுன்னா பொம்பளைப் பிள்ளை எங்க போவும்? தாய்வீட்டுக்குத்தான?”

சஜினின் கை ஓயும்வரை எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்தத் தாய்வீட்டில் நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. கர்ப்பிணி ஊழியர்கள் ஏழாம் மாதத்தில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ வேலையை விட்டு விலகிவிடுவார்கள். அந்த விருப்பத்தைத் தேடி அவர்கள் சிரமப்படக் கூடாதே என்று கடையே அதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும்.

குழந்தைகள் உடைப் பிரிவில் இருக்கும் பிரிஜாவுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. தாய் தகப்பன் இல்லாத பெண். கணவன் ஓமானில் இருந்தான். அங்கே மூன்று மாதமாகச் சம்பளம் போடவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாலும் இவள் சம்பளத்தில்தான்.

சஜின் கடிதத்தைச் சண்முகவடிவிடம் நீட்டினான். “வடிவக்கா, நீங்க தூதர்லா? நோகாம, பண்பாடா கையெழுத்து வாங்கித் தரணும்.”

துணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்துப் பிரிஜா அதைப் படித்தாள்.

“பிள்ளை பெத்துட்டு வந்தா சோலி கிட்டுமாக்கா?”

“புதுசா விண்ணப்பம் போடணும். புது ஆளுக்கு உள்ள சம்பளம்தான் கிட்டும்.”

“கையெழுத்துப் போடலன்னா?”

“குழு மனப்பான்மை இல்லன்னு எழுதி வெளிய அனுப்பிருவாவ.”

பிரிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். சண்முகவடிவு அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இரிட்டி. பண்பாட்டை மேம்படுத்தணும்னு என்னைய நிறுத்தியிருக்காவ. கொஞ்சம் மேம்படுத்திட்டு வாறேன்.”

சாயங்காலம் சந்தைக்குப் போனாள். பிரிஜாவின் மாமியார் ஜெபமணி அங்கே மீன் விற்பவள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள், அவள் வாய்க்குப் பயந்து அடுத்த ஒரு வாரம் வேறு சந்தைக்குப் போவார்கள்.

“ஜெபமணியக்கா, மருமவளுக்கு ஏழாம் மாசம் ஆவுதே. பலகாரம் கொண்டு வந்து அவளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போக ஆளு வருமா?”

“அவளுக்கு ஆரு இரிக்கா, பிள்ளே?”

“எங்க மொதலாளி இருக்காவளே. நாங்கதான் தாய்வீடுன்னு போர்டு வச்சிருக்காவ. நாளு சொன்னா போதும்.”

ஜெபமணி கத்தியைக் கீழே வைத்தாள். “அப்பம் மொதப் பேறு அவியளுக்க செலவா?”

“தாய்வீடுன்னா பொறவு?”

வியாழக்கிழமை நல்ல நாள் என்று ஜெபமணி சொல்லிவிட்டாள். அதை முதலாளியிடம் தெரிவிக்கச் சண்முகவடிவு மறந்துபோனாள். பதினேழு வருடத்தில் அவள் மறந்த முதல் செய்தி அது.

சனிக்கிழமை, முகூர்த்தக் கூட்டம். காலை பதினொரு மணிக்கு, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் மருமகளுமாக ஜெபமணி படியேறினாள். பின்னால் சந்தைக்காரிகள் ஐந்து பேர்.

“பொண்ணு வீட்டுக்காரரு ஆரு?”

கல்லாவிலிருந்த ஆன்ட்ரூஸ் எழுந்தார். “என்னம்மா இது?”

“வியாழக்கிழமை வீட்டைத் தூத்து, காப்பி போட்டு வச்சுட்டு இருந்தோம். உங்க கிட்டேருந்து ஒரு முறுக்குகூட வரல்ல. தாய்வீட்டுக்காரவியளுக்கு என்ன தடங்கலோன்னு நாங்களே கொண்டாந்துட்டோம். இன்னா, உங்க பிள்ளையப் பிடிங்க.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா.”

கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்பம் சேலையில ஒட்டியிருக்க விலையும் பேச்சுக்குத்தானா?”

அவர் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர், கையிலிருந்த சேலைகளை மடித்து வைத்தார்கள். ஆன்ட்ரூஸ் சஜினைத் தேடினார். அவன் உடை மாற்றும் அறைக்குள் புகுந்து தாழ்போட்டிருந்தான். சண்முகவடிவுதான் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

“பண்பாடு உள்ளேருந்து வந்தாச்சு சார்” என்றாள் பணிவாக.

ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்ததும் அதே வேலை, அதே சம்பளம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தானது. சட்டம் பல வருடமாகச் சொல்லியும் காதில் விழாதது, ஒரு மீன்காரி சொன்னதும் தெளிவாகக் கேட்டது. ஜெபமணி எல்லா வரியையும் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

திங்கட்கிழமை குழு கூடியது. ஆன்ட்ரூஸ் தொண்டையைச் செருமினார்.

“நம்ம பண்பாட்டுக்கு வேற பேரு வைக்கணும். தாய்வீடுங்கது கொஞ்சம் பெருசாப் போச்சு.”

“புகுந்த வீடுன்னு வைக்கலாம் சார்” என்றாள் சண்முகவடிவு.

“அதுக்கு இஞ்ச உள்ள வழக்கமெல்லாம் மாத்தணுமே?”

“ஒண்ணுமே மாத்தாண்டாம். பொழுதுக்கும் நிக்கணும். எல்லாரும் தின்ன பொறவு தின்னணும். பெரியவிய ஏசினா தலைகுனிஞ்சு கேக்கணும். ஒதுங்கப் போறதுக்கும் அனுமதி கேக்கணும். எல்லாம் இப்பம் நடக்கியதுதான்.”

“கொள்ளாம், கொள்ளாம்” என்றார் ஆன்ட்ரூஸ். சஜின், ‘நடைமுறைச் செலவு: இல்லை’ என்று குறித்துக்கொண்டான்.

இந்த நல்ல செய்தியைச் சண்முகவடிவு போனில் பிரிஜாவுக்குச் சொன்னாள்.

“அந்தப் பேரை வைக்கதுக்கு முன்ன எங்க மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கக்கா” என்றாள் பிரிஜா. “அவிய வீட்டைக் கேவலப்படுத்தினா சும்மா இரிக்க மாட்டாவ. இஞ்ச வீட்டுல என்னைய உக்காரவாவது விடுதாவ.”