கயித்தண்ணாச்சியும் பெட்ரோல் வேகனும்

இந்தப் பூமியைக் கட்ட ஒரு முளைக்குச்சி மட்டும் கிடைத்திருந்தால், கயித்தண்ணாச்சி அதையும் கட்டிப்போட்டிருப்பார். ஊரில் பலர் கயிறு திரிப்பார்கள். அவர் கட்டுவதோடு சரி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்தது. அதை மாதாமாதம் எழுதிய நானே ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

யுத்தம் முடிந்த புதிது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் டிப்போவில் நான் அளவுக் குமாஸ்தா. பெட்ரோல் வேகன்கள் ரயிலில் வரும். அடி வால்வில் ரப்பர் குழாயை மாட்டி டிப்போத் தொட்டிக்கு இறக்குவார்கள். இறக்குமுன்னும் இறக்கிய பின்னும் வேகன்மேல் ஏறி, பித்தளைக் கோலை உள்ளே விட்டு அளந்து எழுத வேண்டியது நான். ஏணிக்குப் பதினோரு படி. இறங்கும்போதும் எண்ணுவேன். பதினொன்றுதான் வரும்.

கயித்தண்ணாச்சி அங்கே மேஸ்திரி. அதற்கு முன் முத்துக்குளிக்கும் தோணியில் கயிறு பிடித்தவர். கடலடியில் இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்கும் வேலை. கரைக்கு வந்த பிறகும் கயிறு அவர் கையைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் அவர் உடம்பில் இருந்த முடிச்சுகளை எண்ணினேன்: பதினேழு. வெற்றிலைப்பை, சாவி, பேனாக்கத்தி, தொப்பி எல்லாம் கட்டு. செருப்புகூடக் கணுக்காலோடு கட்டியிருந்தது.

வேகன் நின்றதும் பிரேக் போடுவார், சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். அதுவும் போதாமல் தேங்காய்நார்க் கயிற்றால் வேகனை ஓர் இரும்புத் தூணில் கட்டுவார். மதராஸிலிருந்து வந்த மானேஜர் சிரித்தார்.

"ஏன்யா, எஞ்சின் இழுத்தா இது தாங்குமா?"

"தாங்காது ஐயா."

"பின்னே எதுக்கு?"

"அறுந்தா சத்தம் கேக்கும்லா."

ஒரு மாதத்தில் கேட்டது. குழாய் மாட்டியிருக்கும்போதே எவனோ எஞ்சினைக் கொண்டுவந்து கோத்து மெல்ல இழுத்தான். கயிறு படீரென்று அறுந்தது. குழாய் முழுதும் பிய்வதற்குள் அண்ணாச்சி ஓடி வால்வை அடைத்துவிட்டார். சிந்தியது இரண்டு வாளிதான் இருக்கும். மணல் குடித்துவிட்டதால் சரியாக அளக்க முடியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. மறுநாளிலிருந்து, ஏணியில் ஏறுமுன் மானேஜரே கயிறு கட்டச் சொல்லி அண்ணாச்சியிடம் இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குத்தான் புத்தி வரவில்லை. "குமாஸ்தாய்யா, அந்தக் கோலுல ஒரு கயித்தக் கட்டி மணிக்கட்டுல மாட்டிக்கிடுங்க" என்று தினமும் சொல்வார். படித்தவன் கையில் கோல் நிற்காதா என்று இருந்துவிட்டேன். ஒருநாள் மாலை மூன்றரை மணிக்கு, காலியான வேகனுக்குள் கோல் நழுவி விழுந்தது. இன்னும் மூன்று வேகன் அளக்க வேண்டும். வேறு கோல் கிடையாது. நாலு மணிக்கு எஞ்சின் வந்து காலி வேகனை இழுத்துப் போய்விடும்.

"கொக்கி போட்டு எடுத்துருதேன். ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் அண்ணாச்சி.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் சூசை சட்டையைக் கழற்றிவிட்டான். அங்கே கூலி வேலை பார்த்த பழைய முத்துக்குளியாள் அவன்.

"கடலுக்கடியில தொண்ணூறு எண்ணுத வரைக்கும் கெடப்பேன். இது வெறும் தகர டப்பா."

"ஏலே, உள்ள பெட்ரோல் ஆவி நிக்கி. ஆளை அடிச்சிரும்."

"நான் மூச்சே விடமாட்டேன். ஆவி எங்கன போவும்?"

"கடலுக்குள்ள ஒனக்கு வாய் தானா மூடிக்கிடும். இங்கன யாரு மூடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர், "சீக்கிரம் ஆகட்டும்" என்றார். அண்ணாச்சி முகம் கறுத்துப்போய், சூசையின் அக்குளுக்கடியில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

சூசை இறங்கினான். நான் எண்ண ஆரம்பித்தேன். என் கைதவறிய கோலுக்காக மூன்று பிள்ளைகளின் தகப்பன் உள்ளே போயிருக்கிறான் என்பது பத்து எண்ணிய பிறகுதான் உறைத்தது. முப்பத்தொன்றில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கெடச்சிட்டு!"

கீழே கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை.

"பேசிட்டான். இழுங்கலே."

பேசியவன் அடுத்து மூச்சை இழுப்பான் என்பது அவருக்குத் தெரியும். சூசை இழுத்தேவிட்டான். கயிறு சட்டென்று கனத்தது. ஏழு பேர் சேர்ந்து இழுத்தோம். ஈரத்துணி மாதிரி வேகனின் மேல்வாய் வழியே வந்தான். கையில் கோல் இருந்தது.

கடற்காற்றில் மணலில் கிடத்தினோம். வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து, "தொண்ணூறு ஆயிட்டா?" என்றான்.

டிப்போவே கூத்தாடியது. அண்ணாச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வேகனைச் சுற்றி வந்தார்கள். "விழுந்துருவேம்லே, எதுலயாவது கட்டுங்கலே" என்று அவர் கெஞ்சினார். நாலு மணிக்கு வந்த எஞ்சின் டிரைவர் சேதி கேட்டு, காத்திருந்ததுமல்லாமல் விசிலும் ஊதினார். இனி ஒருவனும் வேகனுக்குள் இறங்கக்கூடாது, அண்ணாச்சி கட்டச் சொன்னதையெல்லாம் கட்ட வேண்டும் என்று மானேஜர் அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அவன் உள்ள கெடக்கச்சுல எத்தன எண்ணுனீய?"

"முப்பத்தொண்ணு."

"நானும் அதான் எண்ணுனேன். நீங்க சரியாத்தான் எண்ணிருக்கீய" என்று சொல்லி என் முதுகைத் தட்டினார்.

இருபதுக்கு மேல் அவருக்கு எண்ணத் தெரியாது.