பவுனு முயலும் மண்ணெண்ணெய் டின்னும்

ஒரு காட்டில், ரேஷன் கடைக்குப் பின்பக்கம், பவுனு என்றொரு முயல் நாலு குட்டிகளோடு குடிசையில் இருந்தாள். ஒருநாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும்போது பொறி பறந்து கூரையில் விழுந்தது. குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடித் திரும்பிப் பார்த்தால், குடிசை இல்லை.

நரி ஏட்டு வந்து சாம்பலை ஒரு டின்னில் அள்ளினார்.

"புது வீடு வேணும்னு நீயே மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினியா? அப்படின்னா குட்டிகளோட காட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"ஏட்டையா, அதுவே ரேஷன் மண்ணெண்ணெய் டின்னாச்சே!"

"தொடச்சாச்சும்மா."

"எதால?"

"மண்ணெண்ணெய் அடுப்பு தொடைக்கிற துணியால."

ஆய்வுக்கூடத்தில் புனுகுப்பூனை டின்னை மெஷினில் மாட்டியது. மெஷின் காகிதத்தில் மலை மலையாகக் கோடு போட்டது.

"மண்ணெண்ணெய்தான்," என்றது பூனை.

பவுனு குட்டிகளைப் பார்த்தாள். மழைக்காலத்தில் நாலையும் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? டின்னைக் குறை சொன்னால் ஏட்டு கேட்கவா போகிறார்? சட்டென்று ஒன்று தோன்றியது.

"சார், எரியாத இடத்து மண்ணையும் ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?" என்று பூனையைக் கேட்டாள்.

"பாக்கணும்தான். எந்த இடத்து மண்ணு?"

"சிங்க ராஜா குகை. அது எரியவே இல்லையே!"

ஏட்டு சாம்பலைக் கொட்டிவிட்டு, அதே டின்னில் குகை மண்ணை அள்ளி வந்தார். மெஷின் மறுபடியும் அதே மலைகளைப் போட்டது.

சேதி கேட்ட சிங்கம் கர்ஜித்தது. "என் குகையில் மண்ணெண்ணெயா? யாருடா கொளுத்தப் பார்த்தது?"

ஏட்டு டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டின் கதையைச் சொன்னால் வேலை போய்விடும். "அதே ஆள்தான் ராஜா! பவுனு வீட்டைக் கொளுத்திட்டு, அடுத்து இங்க வந்திருக்கான்!"

"ஐயோ பாவம் பவுனு," என்று பிடரியைத் தடவிக்கொண்டது சிங்கம். "நீ கேட்காவிட்டால் நான் எரிந்தல்லவா போயிருப்பேன்!"

"இனிமே வாசல்லயே ஒருத்தர் காவல் இருக்கணும் ராஜா. மூக்கு நல்லா இருக்கிற ஆளா, பிள்ளைகுட்டிக்காரியா இருந்தா ராத்திரி தூங்கவும் மாட்டா," என்றாள் பவுனு.

அன்று சாயங்காலமே குகையின் முன்னறையில் பவுனு அடுப்பு மூட்டி, மிச்சக் கிழங்கைச் சுட்டாள்.

"ஏதோ கருகுற வாசனை வருதே?" என்று உள்ளேயிருந்து பதறியது சிங்கம்.

"காவல்காரி நான் இருக்கேன்ல ராஜா, நிம்மதியாப் படுங்க," என்றாள் பவுனு, வாய் நிறையக் கிழங்கோடு.

நீதி: உங்கள் வீடு எரிந்தால் நிரபராதி என்று நிரூபிக்க அலையாதீர்கள், அதே டின்னைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.