எக்ஸ்பிடைட்டின் கால்

கத்தரி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: கூரை ஒழுகுகிறது என்று மனு கொடுத்தார். அவருடைய முடிதிருத்தும் கடை நகராட்சிக் கட்டடத்தில் இருந்தது. நாலு ஓடு மாற்றவும் மேலிட அனுமதி வேண்டும். ஒழுக்கோ சரியாக நாற்காலிக்கு நேர் மேலே. போன மழையில் சவரத்துக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள். இந்த மழையிலும் ஒழுகினால் மீதிப் பேரும் அம்பேல். மழைக்கு இருபது நாள்தான் இருந்தது.

பெரிய அதிகாரி மனுவின்மேல் சிவப்பு மையில் ‘எக்ஸ்பிடைட்’, அதாவது சீக்கிரம் முடி, என்று ஆங்கிலத்தில் எழுதிக் கீழே அனுப்பினார். கத்தரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் கட்டடப் பிரிவு அதிகாரி அப்போதுதான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், சொல்லாராய்ச்சிக் காய்ச்சலோடு திரும்பியிருந்தார். ‘வேர் அறியாத சொல்லின்மீது எவ்வித நடவடிக்கையும் எடுத்தல் ஆகாது’ என்று வந்த கையோடு சுற்றறிக்கை விட்டார்.

பத்தாம் நாள் கத்தரி போய் நின்றார். “வேர் கிடைச்சுதா சார்?”

“கிடைச்சுதே! லத்தீன்! எக்ஸ்னா வெளியே, பெட்னா கால். காலைத் தளையிலேர்ந்து விடுவிக்கிறது. என்ன அழகு பாத்தீங்களா!”

“ரொம்ப அழகு சார். அப்ப ஓடு மாத்திடலாமா?”

“அதெப்படி? யாரோட காலுன்னு முடிவாகலையே.”

“ஃபைலுக்கு ஏது சார் காலு?”

“அதான் சிக்கலே! இல்லாத காலை விடுவிச்சா நாளைக்குத் தணிக்கைக்காரன் என்னைச் சும்மா விடுவானா? கால்நடைத் துறையைக் கேட்டிருக்கோம்.”

கால்நடைத் துறை சிரத்தையாகப் பதில் எழுதியது: ‘மேற்படி கோப்பு நேரில் பரிசோதிக்கப்பட்டது. கால்கள் தென்படவில்லை. உரிய கால்களுடன் மீண்டும் அனுப்பினால் ஆவன செய்யப்படும்.’

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கடைக்கு அன்று விடுமுறை என்பதால் கட்டடப் பிரிவு அதிகாரியே சவரத்துக்கு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கன்னம் முடிந்தது.

“சீக்கிரம்ப்பா, ஆபீசுக்கு நேரமாச்சு!”

கத்தரி இருபது நாள் எரிச்சலையும் காட்டிவிட்டார். கத்தியை மடக்கி வைத்தார். “‘சீக்கிரம்’கிற சொல்லுக்கு வேர் தெரியாம எப்படி சார் கத்தி வைக்கிறது? சுற்றறிக்கை இருக்கே!”

அதிகாரி கண்ணாடியில் தன் பாதி முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “என் சுற்றறிக்கையைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதாம்பா!” என்று கையைக் குலுக்கிவிட்டு, அதே கோலத்தில் அலுவலகம் போனார்.

மறுநாள் குமாஸ்தா முதல் காவலாளி வரை கடைவாசலில் வரிசை, ஆளுக்கொரு குடையோடு. எல்லாருக்கும் அதிகாரியைப் போல இடது கன்னம் மட்டும் போதுமாம். ஒழுக்கில் உட்கார்ந்து குடைபிடித்துச் செய்துகொள்வதுதான் கௌரவமாம். வாரக் கடைசியில் எதிர்க்கடைக்காரரும் வெட்கத்தோடு வரிசையில் வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து, பழைய மனுவுக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்து, ஓடு மாற்ற ஏணியோடு ஆள் வந்தான். ஒழுக்கு போனால் வரிசையும் போய்விடுமே என்று கத்தரி ஓடிவந்தார். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே இன்னொரு மனு எழுதினார்: ‘ஒழுக்கை உள்ளது உள்ளபடியே விட்டுவைக்க வேண்டுகிறேன். தயவுசெய்து எக்ஸ்பிடைட்.’

அன்று மாலையே அனுமதி வந்துவிட்டது. வேரை யாரும் கேட்கவில்லை.